கோயில் பங்கும் மீன் தராசும்: கிறிஸ்தவத்தில் பரிசுத்தம் என்பது என்ன?

பாம்பனிலிருந்து தொண்டி வரை எந்தக் கடற்கரை ஊரிலும் "அவரு பரிசுத்தமான மனுசன்" என்ற பேச்சு காதில் விழும். எதை வைத்துச் சொல்கிறீர்கள் என்று கேட்டால் பட்டியல் வரும். குடிக்கமாட்டார், பீடி கிடையாது, சினிமா பார்ப்பதில்லை, வீட்டு டிவியைக்கூட விற்றுவிட்டார், விடியற்கால ஜெபம் தவறாது. அவர் படகில் வேலைக்கு வரும் பையனுக்குப் பங்கு ஒழுங்காகப் போகிறதா, அவரிடம் கடன்பட்டவர்கள் என்ன சொல்கிறார்கள் என்பதெல்லாம் அந்தப் பட்டியலில் வருவதே இல்லை. இன்னொரு கூட்டம் இருக்கிறது. "பரிசுத்தமெல்லாம் சாமியாருக்கும் சிஸ்டருக்கும்தாம்ப்பா. நமக்கு வாடையா கச்சானான்னு காத்தைப் பாக்கவே பொழுது சரியாயிருக்கு" என்று கும்பிடு போட்டு நகர்ந்துவிடும்.

முதல் கூட்டத்துக்குப் பரிசுத்தம் என்பது செய்யாதவற்றின் பட்டியல். இரண்டாவது கூட்டத்துக்கு அது வேறு யாருடைய வேலையோ. பைபிளைத் திறந்தால் இரண்டுக்கும் இடமில்லை. புதிதாகக் கேட்பவர்களுக்காக, இறையியல் நுணுக்கங்களைத் தள்ளிவைத்துவிட்டு, இதை அடியிலிருந்து சொல்லிப் பார்க்கிறேன். கத்தோலிக்கர்கள் புனிதம், தூய்மை என்பார்கள். சிஎஸ்ஐ (தென்னிந்தியத் திருச்சபை), பெந்தெகொஸ்தே சபையினர் பரிசுத்தம் என்பார்கள். விஷயம் ஒன்றுதான். இங்கே பரிசுத்தம் என்றே எழுதுகிறேன், வசனங்களையும் பழைய மொழிபெயர்ப்பிலிருந்தே எடுக்கிறேன்.

கோயிலுக்கென்று எடுத்துவைத்த மீன்

கத்தோலிக்கக் கடற்கரை ஊர்கள் பலவற்றில், பிடிபட்ட மீனில் ஒரு பகுதியைக் கோயிலுக்கென்று ஒதுக்கும் வழக்கம் உண்டு. எவ்வளவு, எந்த மீன், எந்த மாதம் என்ற கணக்கு ஊருக்கு ஊர் மாறும். படகு கரையேறியதும் ஐந்து சீலா கிடக்கிறது என்று வைத்துக்கொள்வோம். சம்மாட்டி, அதாவது படகுக்குச் சொந்தக்காரர், ஒன்றைத் தூக்கித் தனியே போட்டு, "இது கோயிலுக்கு" என்கிறார்.

அந்த நிமிடம் அந்த மீனுக்கு என்ன ஆயிற்று? நிறம் மாறவில்லை, எடை கூடவில்லை. குழம்பு வைத்தால் மற்ற நான்கின் ருசிதான் இதற்கும். ஏலத்தில் கேட்டாலும் அதே விலைதான். ஆனால் அது இப்போது வேறொருவருடையது. மற்ற நான்கில் ஒன்றை ஒரு பையன் கமுக்கமாக எடுத்துப்போனால் சம்மாட்டி நாலு வார்த்தை திட்டுவார், அதோடு போச்சு. இதை எடுத்தால் ஊர் கூடும்.

பைபிளில் பரிசுத்தத்தின் அடிப்படைப் பொருள் இதுதான்: கடவுளுக்கென்று பிரித்தெடுக்கப்பட்டு, அவருக்குச் சொந்தமாகியிருப்பது. பிரித்துக் கொடுக்கும் அந்தச் செயலுக்கு அர்ப்பணம் என்று பெயர். இஸ்ரயேலர் வழிபட்ட ஆசரிப்புக் கூடாரத்தில் பயன்பட்ட கிண்ணங்களையும் சாம்பல் எடுக்கும் கரண்டிகளையும் பழைய ஏற்பாடு பரிசுத்தமான பணிமுட்டுகள் என்கிறது. கரண்டிக்கு ஏது ஒழுக்கம்? அது பொய் சொல்லாதிருந்து பரிசுத்தமாகவில்லை. கடவுளுடைய வேலைக்குக் கொடுக்கப்பட்டதால் ஆயிற்று. தலைமை ஆசாரியனின் தலைப்பாகையில் கட்டிய பொன் தகட்டில் "கர்த்தருக்குப் பரிசுத்தம்" என்று வெட்டியிருந்தது (யாத்திராகமம் 28). யாருடையவர் என்பதுதான் அங்கே எழுதப்பட்ட சேதி.

பைபிளில் முதன்முதலாகப் பரிசுத்தமாக்கப்பட்டது ஓர் ஆளோ கோயிலோ மலையோ அல்ல, ஒரு நாள். ஆதியாகமம் 2ஆம் அதிகாரத்தில் ஏழாம் நாள். ஞாயிற்றுக்கிழமை வலை இறக்காத கத்தோலிக்க ஊர்களில், அன்று கடலில் மீன் எவ்வளவு கிடந்தாலும் படகுகள் கரையில் கிடப்பதற்கு வேர் அங்கேதான்.

இந்த மீன் உவமை ஓரிடத்தோடு நின்றுவிடும், அதையும் சொல்லிவிடுகிறேன். மீன் செத்தது. ஒதுக்கிய பிறகு அது மாற வேண்டியதில்லை. உயிருள்ள மனிதனை ஒதுக்கினால் கதை அப்படி முடியாது. யாருக்குச் சொந்தமானானோ அவருடைய குணம் அவனிடம் ஏற வேண்டும். எனவே அடுத்து, அந்த யாரோ எப்படிப்பட்டவர் என்று பார்க்க வேண்டியிருக்கிறது.

கடவுள் பரிசுத்தர் என்றால்

உசியா ராஜா இறந்த வருடத்தில் ஏசாயா தீர்க்கதரிசி தேவாலயத்தில் ஒரு தரிசனம் காண்கிறார். சேராபீன்கள் எனப்படும் விண்ணுலக ஊழியர்கள் "பரிசுத்தர், பரிசுத்தர், பரிசுத்தர்" என்று மூன்று முறை கூப்பிடுகிறார்கள். இதில் இரண்டு விஷயம் அடங்கியிருக்கிறது. கடவுள் நாம் கண்ட எதைப்போலவும் இல்லாதவர் என்பது ஒன்று. அவரிடம் தீமை துளியும் கலவாது என்பது மற்றொன்று. அதைக் கண்டதும் ஏசாயா, தாம் அசுத்த உதடுகள் உள்ளவர், அசுத்த உதடுகள் உள்ள ஜனங்களின் நடுவே வாசமாயிருப்பவர் என்று அலறுகிறார். பலிபீடத்துத் தழல் அவர் வாயில் படுகிறது. உடனே அடுத்த பேச்சு, "யாரை நான் அனுப்புவேன்?" என்பதுதான். பரிசுத்தமாக்கப்பட்டவரை உள்ளே உட்காரவைத்துக் கதவைச் சாத்தவில்லை, ஊருக்குள் அனுப்பிவிட்டார்கள்.

பரிசுத்தர் என்றதும் கண்டிப்பான, கிட்டே நெருங்கமுடியாத ஒருவரை நினைத்துக்கொள்கிறோம். ஓசியா 11ஆம் அதிகாரம் அந்தப் படத்தைக் கலைத்துப்போடுகிறது. துரோகம் செய்த எப்பிராயீமை, அதாவது வட இஸ்ரயேல் ஜனத்தை, அழிக்கமாட்டேன் என்கிற கடவுள், அதற்குக் காரணமும் சொல்கிறார்: நான் மனுஷனல்ல, தேவன், உன் நடுவிலுள்ள பரிசுத்தர். மனிதனாக இருந்தால் பழிவாங்கியிருப்பேன், பரிசுத்தராக இருப்பதால் இரங்குகிறேன் என்று அர்த்தம். கடவுளின் பரிசுத்தத்தைப் பேசும் பிரசங்கங்களில் இந்த வசனம் இவ்வளவு அரிதாக வருவது எனக்கு ஆச்சரியம்தான்.

இதுவரை சொன்னது: தம்மிலேயே பரிசுத்தமானவர் கடவுள் ஒருவரே. நாள், பாத்திரம், இடம், ஆள் எல்லாம் அவருக்குச் சொந்தமாவதால் பரிசுத்தமாகின்றன. ஆளுக்கு மட்டும் அதற்குமேல் ஒரு வேலை உண்டு, அவருடைய குணத்தில் வளர்வது.

கவிச்சிக்கும் இதற்கும் சம்பந்தமில்லை

நம் ஊரில் பெருங்குழப்பம் நடப்பது இந்த இடத்தில்தான். மீன் விற்கப்போகும் அக்கா ஒருவர் ஓலைப்பெட்டியைச் சுவரோரம் இறக்கிவைத்துவிட்டு, கோயில் வாசற்படியிலேயே முழங்கால் போட்டுச் சிலுவை போட்டுக்கொண்டு கிளம்புவார். உள்ளே வரலாமே என்றால், "உடம்பெல்லாம் கவிச்சி தம்பி, இதோட எப்படி?" என்பார். மாதவிலக்கு நாட்களில், பூசையில் தரும் அப்பமாகிய நற்கருணையை வாங்காமல் பின்பெஞ்சில் உட்கார்ந்துவிடும் பெண்கள் இன்றும் இருக்கிறார்கள். கத்தோலிக்கத் திருச்சபையின் எந்தச் சட்டமும் அவர்களை அப்படி இருக்கச் சொல்லவில்லை. சுற்றிலும் ஊறிக்கிடக்கும் தீட்டு என்ற எண்ணம் பரிசுத்தத்தின் சட்டையைப் போட்டுக்கொண்டு உள்ளே வந்துவிட்டது.

லேவியராகமம் 10ஆம் அதிகாரம் இரண்டு ஜோடிகளைத் தனித்தனியே சொல்கிறது. பரிசுத்தமானது, பரிசுத்தமில்லாதது என்று ஒன்று. சுத்தமானது, தீட்டானது என்று இன்னொன்று. பரிசுத்தமில்லாதது என்றதும் அழுக்கு என்று எடுத்துக்கொள்ளக்கூடாது. அது சாதாரணமானது, பொதுப் புழக்கத்தில் உள்ளது, அவ்வளவுதான். கோயிலுக்கு ஒதுக்காத அந்த நான்கு சீலாவும் அழுகிய மீன்கள் இல்லையே!

தீட்டுச் சட்டங்கள் பழைய இஸ்ரயேலில் இருந்தது உண்மை. லேவியராகமம் 11ஆம் அதிகாரத்தின்படி, தண்ணீரில் வாழ்பவற்றில் செதிலும் சிறகும் உள்ளவை மட்டுமே உண்ணத்தக்கவை. அந்தக் கணக்கில் நம் கடற்கரைக்குச் சோறு போடும் நண்டு, இறால், கணவாய் மூன்றும் வெளியே. இராமேஸ்வரத்து விசைப்படகு ஒன்றின் ஒருநாள் பிடிப்பில் நல்ல விலைபோகும் பலவும் மோசேயின் சட்டத்துக்கு ஆகாதவை. இதை பைபிள் வகுப்பில் சொன்னால் பிள்ளைகள் சிரிப்பார்கள். பெரியவர்கள் கொஞ்சம் கலங்குவார்கள்.

அந்தக் காலத் தீட்டு ஒட்டிக்கொள்ளக்கூடியது. ஆகாய் தீர்க்கதரிசி ஆசாரியர்களிடம் இரண்டு கேள்வி கேட்கிறார் (ஆகாய் 2). பரிசுத்த மாம்சத்தை முடிந்துவைத்த துணி அப்பத்தில் பட்டால் அப்பம் பரிசுத்தமாகுமா? ஆகாது என்கிறார்கள். பிணத்தைத் தொட்டுத் தீட்டானவன் அந்த அப்பத்தைத் தொட்டால் தீட்டாகுமா? ஆகும் என்கிறார்கள். தீட்டுக்குக் கால் உண்டு, பரிசுத்தத்துக்கு இல்லை. அதனால்தான் விலகி நிற்பது பாதுகாப்பாகத் தோன்றியது.

இயேசுவிடம் இந்த ஓட்டம் திசை மாறுகிறது. மாற்கு 1ஆம் அதிகாரத்தில் குஷ்டரோகியை அவர் தொடுகிறார். தொட்டவருக்குத் தீட்டு ஏறவில்லை, தொடப்பட்டவன் சுத்தமாகிறான். மாற்கு 5ஆம் அதிகாரத்தில் 12 வருடம் இரத்தப்போக்கால் அவதிப்பட்ட பெண் பின்னாலிருந்து அவர் உடையைத் தொடுகிறாள். சட்டப்படி அவர் கோபப்பட்டிருக்க வேண்டும். "மகளே" என்று கூப்பிடுகிறார். பரிசுத்தத்துக்குக் கால் முளைத்துவிட்டது. வாசற்படி அக்காவுக்கும் பின்பெஞ்சுப் பெண்களுக்கும் சொல்லவேண்டிய பதில் இந்த இரண்டு சம்பவத்தில் இருக்கிறது.

சீடர்களுக்கே இது லேசில் ஏறவில்லை. பேதுரு நம்மைப்போலக் கடல்தொழிலாளி. அப்போஸ்தலர் 10ஆம் அதிகாரத்தில் அவர் யோப்பா பட்டணத்தில், தோல் பதனிடும் சீமோன் என்பவர் வீட்டில் தங்கியிருக்கிறார். வீடு கடலோரத்தில் இருந்தது என்றும் அந்தப் புத்தகத்தின் ஆசிரியர் லூக்கா எழுதுகிறார். செத்த மிருகத்தின் தோலோடு புழங்கும் தொழில், யூதர்கள் முகம் சுளித்த தொழில். அந்த வீட்டு மாடியில் பசியோடு ஜெபிக்கும்போது, எல்லாவித ஜீவன்களும் நிறைந்த பெரிய விரிப்பு ஒன்று வானத்திலிருந்து இறங்குகிறது. அடித்துச் சாப்பிடு என்று சத்தம் வருகிறது. தீட்டானதை நான் சாப்பிட்டதே இல்லை என்று பேதுரு முரண்டுபிடிக்கிறார். "தேவன் சுத்தமாக்கினவைகளை நீ தீட்டாக எண்ணாதே" என்று பதில் வருகிறது. காரியம் சாப்பாட்டோடு முடியவில்லை. அடுத்து அவர் காலெடுத்து வைப்பது கொர்நேலியு என்ற யூதரல்லாத ரோமப் படை அதிகாரியின் வீட்டுக்குள், அதுவரை உள்ளே போகலாகாது என்று அவர் நம்பியிருந்த வீட்டுக்குள்.

லேவியராகமம் 19: தராசுக்கு வந்த பரிசுத்தம்

பரிசுத்தம் அன்றாட வாழ்க்கையில் எப்படி இருக்கும் என்று யாராவது கேட்டால், எதையும் விளக்காமல் இந்த ஓர் அதிகாரத்தைக் கையில் கொடுத்துவிடலாம். 2ஆம் வசனம்: "உங்கள் தேவனும் கர்த்தருமாகிய நான் பரிசுத்தர், ஆகையால் நீங்களும் பரிசுத்தராயிருங்கள்." இது குருக்களுக்கு மட்டும் சொன்னது இல்லை, இஸ்ரயேல் சபை அனைத்துக்கும் சொல்லும்படி மோசேக்குக் கட்டளை. அதன்பிறகு ஜெபம், உபவாசம் என்று வரிசை போகும் என்று எதிர்பார்த்தால் ஏமாந்துபோவோம். தாய் தகப்பனுக்குப் பயப்படு, ஓய்வுநாளை ஆசரி, விக்கிரகம் வேண்டாம், பலியை எப்படிச் சாப்பிடுவது என்று தொடங்கி, 9ஆம் வசனத்திலேயே வயலுக்கு இறங்கிவிடுகிறது.

வயலின் ஓரத்தை ஒட்ட அறுக்காதே, சிந்தியதைப் பொறுக்காதே, எளியவனுக்கும் பரதேசிக்கும், அதாவது வெளியூரிலிருந்து வந்து வாழ்பவனுக்கும், விட்டுவிடு. நம் கரையில் வயல் கிடையாது, ஆனால் காரியம் புதிதில்லை. வலை கழிக்கும்போது சட்டியோடு வந்து நிற்கும் விதவைக் கிழவிக்கு ஒரு கை காரலோ சூடையோ அள்ளிப்போடுவது இங்கே பழைய பழக்கம். கேட்டு வாங்க வேண்டியதில்லை, வந்து நின்றாலே போதும். அந்த ஒரு கை மீனைத் தர்மம் என்று நாம் நினைக்கிறோம். லேவியராகமம் அதைப் பரிசுத்தத்தின் கீழ் எழுதிவைத்திருக்கிறது.

13ஆம் வசனம்: கூலிக்காரனுடைய கூலி விடியுமட்டும் உன்னிடத்தில் இருக்கலாகாது. கடலுக்குப் போய்வந்தவனிடம் "டீசல் கணக்கு, ஐஸ் கணக்கெல்லாம் பாத்துட்டு அடுத்த வாரம் தாரேன்" என்று சொல்லி அனுப்புகிறவர், அடுத்த நாள் காலைப் பூசையில் முதல் வரிசையில் நிற்பதுண்டு.

14ஆம் வசனம், குருடனுக்கு முன்னே தடுக்கலை வைக்காதே என்கிறது. செவிடனை நிந்தியாதே என்றும் சொல்கிறது. நிந்தித்தால் அவனுக்குக் கேட்கவே கேட்காது. கண்டுபிடிக்க முடியாதவனிடம் செய்யும் தவறு என்பதுதான் இரண்டிலும் பொது. எழுத்து வாசிக்கத் தெரியாதவரிடம் நீட்டப்படும் சிட்டையும் அந்த ரகம்தான்.

33, 34ஆம் வசனங்கள் அந்நியனைப் பற்றியவை: உங்களிடத்தில் வாசம்பண்ணும் அந்நியனை உங்களில் பிறந்தவன்போல எண்ணுங்கள். மண்டபம் முகாமில் பல ஆண்டுகளாகக் குடியிருக்கும் இலங்கைத் தமிழர்களை நம் ஊர்க்காரர்கள் வாய் தவறாமல் 'அகதி' என்றே கூப்பிடுவதைக் கேட்டவர்களுக்கு, இதற்கு விளக்கம் தேவைப்படாது.

அதிகாரம் முடியப்போகும் நேரத்தில் தராசு வருகிறது. அளவிலும் நிறையிலும் அநியாயம் செய்யாதே, சரியான தராசும் சரியான நிறைகல்லும் உனக்கு இருக்கட்டும். அந்தக் காலத்து ஏமாற்று எளிமையானது. வாங்குவதற்கு ஒரு கல், விற்பதற்கு ஒரு கல். பையில் பெரிதும் சிறிதுமான நிறைகற்களை வைத்திருக்காதே என்று உபாகமம் 25 நேராகவே சொல்கிறது. இப்போது கல் இல்லை, எலக்ட்ரானிக் தராசு. ஏமாற்று மட்டும் தொழிலை விட்டுவிடவில்லை. நண்டுக் கூடை தராசில் ஏறுகிறது. கூடைக்கென்று ஒரு கிலோ கழிக்கிறார்கள். காலிக் கூடையை வைத்துப் பார்த்தால் முக்கால் கிலோகூட வராது. ஈரத்துக்கு என்று இன்னும் கொஞ்சம். பிறகு விரலால் நண்டின் மேலோட்டை அழுத்திப் பார்த்து, நல்ல நண்டையும் சதையில்லாத தண்ணி நண்டு என்று ஒதுக்கிப் பாதி விலை. படகுக்காரர் வாயைத் திறக்கமாட்டார், ஏனென்றால் வலைக்கும் இன்ஜினுக்கும் வாங்கிய முன்பணம் அதே வியாபாரியிடம் இருக்கிறது. வேறிடத்தில் மீனைப் போட முடியாது. எல்லா வியாபாரியும் இப்படியென்று சொல்லவில்லை. காலிக் கூடையை முதலில் தராசில் வைத்து எண்ணைக் காட்டிவிட்டு நிறுப்பவர்களும் இதே கரையில் இருக்கிறார்கள். லேவியராகமத்தைப் பொறுத்தவரை அந்த வியாபாரி செய்வது பரிசுத்தமான காரியம்.

பரிசுத்த நாளையும் கள்ளத் தராசையும் ஒருசேர வைத்திருக்கலாம் என்று நினைப்பவர்களுக்கு ஆமோஸ் 8ஆம் அதிகாரம் இருக்கிறது. அங்கே வியாபாரிகள் ஓய்வுநாளைச் சரியாகவே கடைப்பிடிக்கிறார்கள். ஆனால் அது எப்போது முடியும், தானியம் அளக்கும் மரக்காலைக் குறைத்து, பணத்தை நிறுக்கும் சேக்கலைக் கூட்டித் தானியம் விற்கலாம் என்று காத்திருக்கிறார்கள். அவர்கள் செய்கையை ஒருபோதும் மறப்பதில்லை என்று கடவுள் ஆணையிடுகிறார்.

லேவியராகமம் 19ஆம் அதிகாரத்தில்தான், 18ஆம் வசனத்தில், உன்னில் நீ அன்புகூருவதுபோல் பிறனிலும் அன்புகூருவாயாக என்பது வருகிறது. இயேசு இரண்டாம் பெரிய கட்டளையாக எடுத்துச்சொன்னது இதைத்தான். கூடவே, இரண்டுவகை நூல் கலந்த துணியை உடுத்தாதே என்பதும் இருக்கிறது. அதைக் கிறிஸ்தவர்கள் பின்பற்றுவதில்லை. புதிய ஏற்பாடு திரும்பவும் கையில் எடுத்தவை அன்பு, நீதி, உண்மை, உடல் ஒழுக்கம் போன்றவை. உணவு, உடை, தீட்டு பற்றிய விதிகளை அது பின்னால் விட்டுவிட்டது. பேதுரு தம் நிருபத்தில் இந்த 'பரிசுத்தராயிருங்கள்' வசனத்தை எடுத்து ஒரு சொல்லைச் சேர்க்கிறார்: உங்கள் நடக்கைகளெல்லாவற்றிலேயும். சகரியாவின் கடைசி அதிகாரமோ இன்னும் தூரம் போகிறது. பாகைத் தகட்டில் இருந்த 'கர்த்தருக்குப் பரிசுத்தம்' என்ற எழுத்து ஒருநாள் குதிரைகளின் மணிகளில் இருக்கும், எருசலேமிலும் யூதாவிலும் உள்ள ஒவ்வொரு பானையும் பரிசுத்தமாயிருக்கும் என்கிறது. குழம்புச் சட்டி வரைக்கும் என்று அர்த்தம்.

முதலில் சொந்தம், பிறகு மாற்றம்

அப்படியானால் இதையெல்லாம் செய்து முடித்தவர்தான் பரிசுத்தரா? அப்போஸ்தலர் பவுல் கொரிந்து பட்டணத்துச் சபைக்கு எழுதிய முதல் கடிதத்தைப் பாருங்கள். அங்கே கோஷ்டிச் சண்டை, ஒருவர்மேல் ஒருவர் வழக்கு, தகப்பனின் மனைவியோடு வாழும் ஒருவன், கர்த்தருடைய பந்தியில் ஒருவன் பசியோடிருக்க இன்னொருவன் வெறித்திருக்கிறான். நம் ஊர்க் கமிட்டிச் சண்டையெல்லாம் அதன் பக்கத்தில் நிற்காது. அந்தச் சபைக்குத்தான் பவுல் தொடக்கத்திலேயே, கிறிஸ்து இயேசுவுக்குள் பரிசுத்தமாக்கப்பட்டவர்கள், பரிசுத்தவான்களாக அழைக்கப்பட்டவர்கள் என்று எழுதுகிறார். பிறகு பதினாறு அதிகாரம் திட்டித் திருத்துகிறார்.

கிறிஸ்தவப் பரிசுத்தம் இயங்கும் விதம் இதில் இருக்கிறது. சொந்தமாவது முதலில் நடந்துவிடுகிறது. அது கடவுள் செய்வது, சம்பாதிக்க முடியாதது. அதற்குக் கிருபை என்று பெயர், கத்தோலிக்கர் அருள் என்பார்கள். சொந்தமானவர் அதற்கேற்ப மாறிக்கொண்டே போவது அடுத்தது. அது வாழ்நாள் முழுக்க நடப்பது. பாவி மன்னிக்கப்பட்டுக் கடவுளோடு சரியான உறவில் நிறுத்தப்படுவதை நீதிமானாக்கப்படுதல் என்கிறார்கள். அதிலிருந்து குணம் மாறி வளர்வதைப் பரிசுத்தமாகுதல் என்கிறார்கள். மாற்றத்தில் யார் வேலை செய்கிறார்கள், நாமா கடவுளா? பிலிப்பியர் 2ஆம் அதிகாரம் இரண்டையும் ஒரே மூச்சில் சொல்கிறது: நீங்கள் முயலுங்கள், ஏனென்றால் உங்களுக்குள் செய்கிறவர் தேவனே.

சபைகளுக்குள் இங்கே வேறுபாடு உண்டு. ஞானஸ்நானத்தில் தொடங்கி, நற்கருணை போன்ற திருச்சடங்குகளாகிய அருட்சாதனங்கள் வழியாக வளர்வது என்று கத்தோலிக்கர் அழுத்திச் சொல்வார்கள். விசுவாசி சாகும்வரை ஒரே நேரத்தில் நீதிமானும் பாவியும்தான் என்பது புராட்டஸ்டண்ட் சீர்திருத்தத்தைத் தொடங்கிய மார்ட்டின் லூதர் வழி. அன்பில் பூரணமாவது இந்த வாழ்க்கையிலேயே கூடும் என்றார் மெதடிஸ்ட் இயக்கத்தைத் தொடங்கிய ஜான் வெஸ்லி. சில பெந்தெகொஸ்தே சபைகளில் வெள்ளை உடையும் நகை அணியாமையும் அர்ப்பணத்தின் அடையாளம். அந்த அடையாளத்தைக் கேலி பேச எனக்கு மனம் வராது; தங்கம் சேர்ப்பதே வாழ்க்கை என்றிருக்கும் ஊரில் வெறுங்கழுத்தோடு கல்யாண வீட்டுக்குப் போக ஒரு தைரியம் வேண்டும். ஆனால் அடையாளம் அடையாளம்தான். வெள்ளைச் சேலையும் கட்டலாம், மருமகளுக்குச் சோற்றையும் அளந்து போடலாம்.

ஓரியூர் மண்

'புனிதர்' என்றதும் எங்கள் இராமநாதபுரம் மாவட்டத்தில் நினைவுக்கு வருவது ஓரியூர்தான். திருவாடானை வட்டத்தில் இருக்கிறது. அங்குள்ள செம்மண்ணைப் பொட்டலம் கட்டி எடுத்துப்போகாத யாத்திரிகர் குறைவு. எல்லா மதத்தினரும் வருவார்கள். 1647இல் லிஸ்பனில் பிறந்த ஜான் டி பிரிட்டோ, மதுரை மிஷனுக்கு இயேசு சபைக் குருவாக வந்து அருளானந்தர் என்று பெயர் வைத்துக்கொண்டார். காவி கட்டினார், புலால் விட்டார். ஆனால் அவரைக் கொன்றது காவியோ புலால் மறுப்போ அல்ல, ஒரு குடும்ப விவகாரம். மறவர் தலைவர்களில் ஒருவரான தடியத்தேவன் ஞானஸ்நானம் கேட்டபோது, ஒரு மனைவியோடு மட்டும் வாழவேண்டும் என்றார் அருளானந்தர். தடியத்தேவன் சம்மதித்து மற்றவர்களை விலக்கினார். விலக்கப்பட்டவர்களில் ஒருவர், இராமநாதபுரத்தை ஆண்ட கிழவன் சேதுபதிக்குச் சொந்தக்காரப் பெண். 1693 பிப்ரவரி 4ஆம் தேதி ஓரியூரில் அருளானந்தரின் தலை வெட்டப்பட்டது.

பரிசுத்தம் அரண்மனைவரை, படுக்கையறைவரை கேள்வி கேட்கும் என்பது இதில் தெரிகிறது. அனுப்பப்பட்ட அந்தப் பெண்களின் பக்கத்திலிருந்து இந்தக் கதையைத் திருவிழா மேடையில் யாரும் சொல்லிக் கேட்டதில்லை. சொல்லவேண்டும் என்பது என் எண்ணம். தலைவன் எடுத்த சரியான முடிவின் பாரத்தைச் சுமந்தவர்கள் அவர்களும்தானே.

அருளானந்தருக்கு ரோமில் புனிதர் பட்டம் வழங்கப்பட்டது 1947இல், இறந்து 254 ஆண்டுகள் கழித்து. அந்தப் பட்டம் அவரைப் பரிசுத்தராக்கவில்லை. ஏற்கெனவே அப்படி இருந்தவர் என்று திருச்சபை ஊரறிய ஏற்றுக்கொண்டது, அவ்வளவே. பவுல் கணக்கில் கொரிந்துச் சண்டைக்காரர்களும் பரிசுத்தவான்கள்தான் என்பதை மறந்துவிட்டால், சுரூபமாக நிற்பவர்கள் மட்டும்தான் புனிதர்கள் என்றாகிவிடும். 1964இல் உலகக் கத்தோலிக்க ஆயர்கள் கூடிய இரண்டாம் வத்திக்கான் சங்கம், எந்த நிலையில் வாழ்பவரானாலும் எல்லா விசுவாசிகளும் புனிதத்துக்கு அழைக்கப்பட்டவர்களே என்று தெளிவாக எழுதியது. 2022 மே 15இல் புனிதராக அறிவிக்கப்பட்ட நட்டாலம் தேவசகாயம் குருவோ துறவியோ அல்ல, பெண்டாட்டியோடு குடும்பம் நடத்தியவர்.

தவறிவிட்டால்?

வகுப்பில் கடைசியில் எப்போதும் வரும் கேள்வி: வாய்தவறிக் கெட்டவார்த்தை பேசிவிட்டேன், கோபத்தில் பிள்ளையை அடித்துவிட்டேன், பரிசுத்தம் போய்விடுமா? தவறியதால் சொந்தம் மாறிப்போவதில்லை என்று சொல்லிப் பாவத்தை லேசாக்கிவிடக் கூடாது. கத்தோலிக்கர் ஒப்புரவுச் சாதனத்தில் பாவசங்கீர்த்தனம் செய்வார்கள், அதாவது குருவிடம் பாவத்தைச் சொல்லி மன்னிப்புப் பெறுவார்கள். பெரிய பாவமானால் அதில்லாமல் நற்கருணைக்குப் போகக்கூடாது என்பது விதி. மற்றச் சபையினர் கடவுளிடம் நேராக அறிக்கையிடுவார்கள். நம் பாவங்களை நாம் அறிக்கையிட்டால் அவர் மன்னித்துச் சுத்திகரிக்கிறார் என்ற 1 யோவான் 1ஆம் அதிகாரத்தைத்தான் இரு சாராரும் பிடித்துக்கொள்கிறார்கள்.

ஆனால் பணம் சம்பந்தப்பட்ட தவறுக்கு பைபிள் இன்னொரு படியும் வைத்திருக்கிறது, அதைத்தான் நாம் சுலபமாகத் தாண்டிவிடுகிறோம். தராசில் அடித்த காசில் தேருக்கு லைட் செட்டிங் போட்டுக் கொடுத்துக் கணக்கை நேர்செய்யலாம் என்ற நம்பிக்கை பரவலாக இருக்கிறது. லேவியராகமம் 6 அதை ஏற்காது. ஏமாற்றி எடுத்த முதலைத் திருப்பிக் கொடுத்து, அதனோடு ஐந்தில் ஒரு பங்கைக் கூட்டிக் கொடுக்கவேண்டும், அதுவும் உரியவனிடமே. இயேசுவைச் சந்தித்த வரி வசூலிப்பவர் சகேயு நாலத்தனை, அதாவது நாலு மடங்கு, தருவதாகச் சொன்னது இதற்கும் மேலே. பலிபீடத்தில் காணிக்கையோடு நிற்கும்போது சகோதரனுக்கு உன்மேல் குறை உண்டென்று நினைவு வந்தால், காணிக்கையை அங்கேயே வைத்துவிட்டு முதலில் அவனிடம் போ என்றார் இயேசு (மத்தேயு 5).

நண்டு கிலோ 400 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். ஒருவருக்கு ஐந்து கிலோ எடை குறைத்திருந்தால் 2,000 ரூபாய். ஐந்தில் ஒரு பங்கு 400 ரூபாய். ஆக 2,400 ரூபாய் அந்தப் படகுக்காரர் கைக்குப் போகவேண்டும். அவர் இறந்துவிட்டிருந்தால் அவருடைய சொந்தக்காரருக்கு. சொந்தக்காரரும் இல்லை என்றால்தான் அது கர்த்தருக்கென்று ஆசாரியனிடம் போகும் என்கிறது எண்ணாகமம் 5ஆம் அதிகாரம். கோயில் உண்டியல் அந்த வரிசையில் மூன்றாவது.